கப்பலேறிப் போன அப்பன்

ஃபோர்ட் கொச்சி,
12 ஜனவரி 1983

அன்புள்ள சிசிலி சேச்சிக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். நானும் அம்மச்சியும் சுகம். அம்மச்சிக்கு முழங்கால் வலி ஒன்றுதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மறந்துபோகிற வலி. குவைத்தில் குளிர் கடுமை என்று எழுதியிருந்தாய். நெஞ்சில் சளி கட்டவிடாதே. நர்ஸுக்கே தம்பி வைத்தியம் சொல்கிறான் என்று சிரிக்காதே.

நீ அனுப்பிய பால்பொடி டப்பா வந்து சேர்ந்தது. அதனால் எனக்கு ஒரு பெரிய உபகாரம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்றை டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். வழக்கம்போலப் பூட்டு. சாவி யாரிடம் என்று அந்தச் சர்வேசுரனுக்குத்தான் தெரியும். எல்லாருக்கும் முகம் தொங்கிவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா? "இதைவிடப் பழைய கல்லறை எங்க வீட்டுக் கொல்லையிலேயே இருக்கு, வாங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

நம் சீமைப்பலா மரத்தடியில் அந்தப் பெரிய கல் கிடக்கிறதே, பாய்மரக் கப்பல் ஆடாமலிருக்க அடியில் ஏற்றிவந்து துறைமுகத்தில் தள்ளிவிட்டுப் போகிற பாரக்கல், அதைத்தான் காட்டினேன். "யாரோட கல்லறை?" என்றாள் ஒருத்தி. அடுக்களை ஜன்னலில் உன் டப்பா தெரிந்தது. ஹாலந்துப் பால்பொடி, லேபிளின் அடியில் கம்பெனிக்காரன் பெயர். அப்படியே படித்தேன்: வில்லெம் ஹோக்லாண்ட். கேப்டன் பட்டம் நான் கொடுத்தது. காய்ச்சல் வந்து செத்தான், சாகும்போது கடலைப் பார்த்து அம்மா என்றான் என்றெல்லாம் தானாக வந்தது. அவள் அழுதே விட்டாள். இப்போது தினமும் கூட்டம்.

போன வாரம் ஒரு கிரேக்கக் கப்பல் வந்தது. கிழட்டு மாலுமிகள் இரண்டு பேரிடம் அப்பனின் போட்டோவைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். நான் தொட்டிலில் கிடந்தபோது கப்பலேறிப் போன மனுஷன், எந்தத் துறைமுகத்தில் கிடக்கிறாரோ. ஒரு நாள் தகவல் வராமலா போகும்? நான் இந்த வழிகாட்டி வேலையில் இருப்பதே அதற்காகத்தான் என்று உனக்குத் தெரியும்.

அம்மச்சி முத்தம் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
பஸ்தியான்


குவைத்,
6 மார்ச் 1983

அன்புத் தம்பி பஸ்தியானுக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வார்டு மாற்றிவிட்டார்கள், வேலை அதிகம்.

கேப்டன் கதை படித்தேன். உன் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும். காட்டுவதற்கு ஊரில் இடமா இல்லை? சீனவலை இருக்கிறது. மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு, வாஸ்கோவைப் புதைத்த கோவில், இஞ்சிக் கிடங்கு, எத்தனை இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு நம் கொல்லைக்கு எதற்காக ஊரைக் கூட்டுகிறாய்? அந்த மரத்தடியில் பாம்பு உண்டு. சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லை விட்டுவிடு.

அம்மச்சி என்ன சொன்னாள்? அதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
சிசிலி


ஃபோர்ட் கொச்சி,
25 மார்ச் 1983

அன்புள்ள சேச்சிக்கு,

தோத்திரம். இங்கே சுகம், அங்கேயும் சுகம்தானே? பாம்பாம்! இருபது வருஷம் அந்த மரத்தடியில் உருண்டு வளர்ந்தவனிடம் பாம்புக் கதை சொல்கிறாயே.

அம்மச்சியைப் பற்றிக் கேட்டாய். முதல் நாள் கையில் துடைப்பத்தோடு வந்தாள். செத்தேன், எல்லாரையும் விரட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அப்போது, அழுதாளே, அந்த இத்தாலிக்காரி கல்லின் முன்னால் முழங்காலில் நின்று சிலுவை போட்டாள். அம்மச்சி அப்படியே நின்றுவிட்டாள். துடைப்பம் கையைவிட்டு விழுந்ததுகூடத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து கல்லைச் சுற்றி அவளே பெருக்குகிறாள். வெள்ளிக்கிழமை தோறும் மெழுகுதிரி ஏற்றுகிறாள். யாராவது பூ வைத்தால் என்னிடம் வந்து, "சும்மா போட்டோ புடிச்சிட்டுப் போறாங்களேடா, ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லச் சொல்லு" என்கிறாள்.

"யாருக்கு அம்மச்சி? அது நான் கட்டிவிட்ட கதையாச்சே" என்றேன்.

"இருக்கட்டுமேடா. சொல்ற ஜெபம் வீணாவா போகும்?"

என் பொய்யில் விழுந்த முதல் உள்ளூர்க்காரி என் அம்மா! டீக்கடையில் கை வளைந்த பீரானிக்கா கேலி செய்கிறார்: "எடா பஸ்தியா, அடுத்தது உன் வீட்டுக் கோழிக்கூண்டை டச்சுக் கோட்டைன்னு காட்டப்போறே. மறக்காம என் கடைக்குக் கூட்டிவா, வாஸ்கோ டீ குடிச்ச கிளாஸ் காட்டறேன்."

உன் தம்பி,
பஸ்தியான்


குவைத்,
20 ஏப்ரல் 1983

அன்புத் தம்பிக்கு,

தோத்திரம். ஈஸ்டர் வாழ்த்துகள். நலம்.

அம்மச்சி மெழுகுதிரி ஏற்றுகிறாள் என்று எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நர்ஸுகள் அறையில் உட்கார்ந்து அழுதேன். ஏனென்று கேட்காதே. ஊர் ஞாபகம் என்று வைத்துக்கொள்.

சரி, கேப்டன் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் ஜெபிக்கட்டும், வருகிறவர்களும் ஜெபிக்கட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். கல்லை யாரும் அசைக்கக் கூடாது. அங்கே ஒரு பூச்செடிகூட நடக் கூடாது. மண்வெட்டி அந்தப் பக்கம் போகக் கூடாது.

அன்புடன்,
சிசிலி


ஃபோர்ட் கொச்சி,
18 ஜூலை 1983

அன்புள்ள சேச்சிக்கு,

தோத்திரம். மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அம்மச்சிக்கு இருமல் இருந்தது, சரியாகிவிட்டது. நீ எப்படியிருக்கிறாய்?

ஒரு விபரீதம் நடந்துவிட்டது. அந்தக் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் வந்த ஹாலந்துக்காரி ஒருத்தி நம் கல்லைப் பற்றித் தன் ஊர்ப் பத்திரிகையில் எழுதியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு ஹாலந்திலிருந்து ஒரு பெரியவர் சரக்குக் கப்பலேறி வந்து நம் வாசலில் நிற்கிறார். கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் கேட்டேன். ஹோக்லாண்ட்! அவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் வில்லெம் என்று ஒருவன் கம்பெனிக் கப்பலில் மலபாருக்கு வந்து திரும்பவேயில்லையாம். நம்மூரில் அந்தோணி மாதிரி அந்த ஊரில் தெருவுக்கொரு வில்லெம் போலிருக்கிறது.

மழையில் நனைந்துகொண்டே கல்லின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டார், சேச்சி. பால்பொடி டப்பாவைப் பற்றி எப்படிச் சொல்வேன்?

அவருக்கு எலும்பைத் தன் ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமாம். "உள்ளே ஒண்ணும் மிஞ்சியிருக்காது" என்று தட்டிக்கழித்துப் பார்த்தேன். வாஸ்கோவின் கோவிலுக்கு அவரைக் கூட்டிப் போனது என் புத்திகெட்ட வேலை. "இவரை இங்கே புதைச்சு, அப்புறம் எலும்பை எடுத்துக் கப்பல்ல ஊருக்கு அனுப்பினீங்கதானே? உங்க ஊர் திருப்பிக் கொடுத்துப் பழகின ஊர்" என்று மடக்கிவிட்டார்.

அப்புறம்தான் விஷயம். என்னைப் பற்றிக் கேட்டார். அப்பனைப் பற்றிச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ என் ஆளைக் கொடு. நான் உன் ஆளைத் தேடித் தரேன்." ஐரோப்பாவில் எந்தத் துறைமுகத்தில் எந்த மாலுமி இறங்கினான் என்று அறிந்தவர்கள் எல்லாம் அவருக்குச் சினேகிதர்களாம். அப்பனின் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டு பக்கத்து அனுமதிக் காகிதங்களோடும் செப்டம்பரில் வருகிறார். தோண்டினால் வெறும் மண்தான் வரும். வரட்டும், ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோகட்டும். அம்மச்சியிடம் சொல்லவில்லை. கேப்டனைக் கொடுக்க அவள் சம்மதிக்க மாட்டாள்.

உன் தம்பி,
பஸ்தியான்


குவைத்,
10 ஆகஸ்ட் 1983

பஸ்தியானுக்கு,

உன் கடிதம் கண்டேன். ஊசி போடப்போன இடத்தில் மருந்துக் குப்பியைக் கீழே போட்டுவிட்டேன்.

கூடாது. கூடாது. கூடாது. அந்தப் பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிடு, டப்பாவைக் காட்டு, காலில் விழு, என்ன வேண்டுமானாலும் செய். கல்லை எடுக்காதே. காரணத்தை எழுத முடியாது. அம்மச்சிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், உன் எதிரில் உட்கார்ந்து அவள் முன்னாலேயே சொல்கிறேன். அதுவரை பொறு.

அப்பனைத் தேடுவதையும் விட்டுவிடு. தேடி ஒன்றும் ஆகப்போவதில்லை. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சிசிலி


ஃபோர்ட் கொச்சி,
9 செப்டம்பர் 1983

சேச்சிக்கு,

தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. அப்பனைத் தேடாதே என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நீயாவது அவர் தோளில் ஏறி விளையாடியிருப்பாய். எனக்கு ஒரு போட்டோதான். அந்தக் கோபத்தில்தான் பெரியவருக்குச் சம்மதம் சொன்னேன். மறைக்கவில்லை.

ஆனால் நடந்ததைக் கேள். கேட்டால் நம்ப மாட்டாய்.

அம்மச்சி பங்குக்காரர்களோடு வேளாங்கண்ணித் திருநாளுக்குப் பஸ்ஸில் போயிருந்தாள். நாங்கள் கல்லைப் புரட்டினோம். இடுப்பளவு தோண்டியும் மணல்தான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இன்னும் கொஞ்சம் போனபோது மண்வெட்டியில் ஏதோ தட்டியது. எலும்பு! சேச்சி, மனுஷ எலும்பு! தலை, கை, கால், எல்லாம் வரிசையாக. மடக்கிப் போட்டதல்ல, நெஞ்சில் கை வைத்து ஒழுங்காகப் படுக்கவைத்தது. நான் குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாயிலிருந்து பிறந்த ஆள், சேச்சி! டப்பாவில் பார்த்த பெயர்! அவன் எப்படி என் வீட்டு மண்ணுக்குள் படுத்திருக்கிறான்? டச்சுக் கல்லறை பக்கத்தில்தானே, அந்தக் காலத்தில் அதன் எல்லை நம் கொல்லைவரை இருந்திருக்கும் என்று பிறகு சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

வலது கை எலும்புகளுக்குள் வட்டமாக ஒரு செப்புத் துண்டு, பச்சைக் களிம்பு பிடித்து. ஓட்டை போட்டு ஏதோ எண் அடித்திருந்தது. "கம்பெனி கேப்டன்களுக்குக் கொடுத்த பதக்கம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெரியவர் அதை முத்தமிட்டார்.

எலும்புகளைத் தேக்குப் பெட்டியில் வைத்தோம். நேற்றுக் காலை கப்பல் புறப்பட்டது. சீனவலைகளுக்குப் பக்கத்தில் நின்று, அது அழிமுகம் தாண்டிக் கடலுக்குள் போகும்வரை கையசைத்தேன். எத்தனை கப்பல் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கப்பலை வழியனுப்பியது இதுதான் முதல் தடவை. அப்பனைப் பற்றிக் கட்டாயம் தகவல் வரும், பார்.

உன் தம்பி,
பஸ்தியான்


தந்தி
குவைத், 22 செப்டம்பர்

பெட்டியை நிறுத்து. எப்படியாவது நிறுத்து. அது அப்பன். சிசிலி.


ஃபோர்ட் கொச்சி,
24 செப்டம்பர் 1983

சேச்சி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தந்தி வந்தது. தந்திக்காரன் சைக்கிளைவிட்டு இறங்காமலே, "பெட்டி போயாச்சேடா பஸ்தியா" என்றான்.

அம்மச்சி வேளாங்கண்ணியிலிருந்து வந்த அன்றே குழியைப் பார்த்தாள். மாதாவின் எண்ணெய்க் குப்பி கையில். கத்தவில்லை. குழிக்குள் இறங்கி, மணலை இரண்டு கையாலும் துழாவித் துழாவிப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கி வந்து படுக்கவைத்தேன். அன்றிலிருந்து காய்ச்சல், நான் கஞ்சி கொடுத்தால் தள்ளிவிடுகிறாள். அவளுடைய கேப்டனைக் கொடுத்துவிட்டேன் என்ற கோபம் என்றே நினைத்தேன், முட்டாள்.

தந்தியைப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "சிசிலி சொல்லிட்டாளா? நான் செத்தப்புறம் சொல்லுன்னுதானே சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

அது எப்படி அப்பன்? அப்பன் கப்பலேறிப் போனார் என்று எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொன்னது யார்? யார் அவரைக் கொன்றது? அம்மச்சியா? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தா? நேராக எழுது. எலும்பைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கியது என் கை. கப்பலுக்குக் கையசைத்தது என் கை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ்தியான்


குவைத்,
8 அக்டோபர் 1983

என் தங்கத் தம்பிக்கு,

யாரும் கொல்லவில்லை. அம்மச்சியை அப்படிப் பார்க்காதே. முதலில் அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து இதைப் படி.

அந்தச் செப்புத் துண்டு பதக்கமல்ல. சாப்பா, துறைமுகக் கூலிக்காரனுக்குக் கொடுக்கிற வேலை வில்லை. நீ கேள்விப்பட்டிருப்பாய், பார்த்திருக்க மாட்டாய். அப்பன் காலத்தில் துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுப்பது அப்படித்தான். ஆள் எடுக்கிற மூப்பன் ஒரு பிடி சாப்பாவைக் கூட்டத்துக்குள் வீசுவான். எவன் பொறுக்குகிறானோ அவனுக்கு அன்றைக்கு வேலை. நாய்க்கு எலும்பு போடுவதுபோல வீசினார்கள், நம் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள்.

அன்று ஒரு சாப்பா கீழே விழுந்தது. அதன் மேல் பீரானிக்காவின் கை. அப்பனுக்கு உயிர்ச் சினேகிதர் அவர், உனக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தவர். அப்பன் அந்தக் கையை மிதித்தார். வேண்டுமென்றுதான் மிதித்தார். எலும்பு முறிகிற சத்தம் கேட்டும் காலை எடுக்கவில்லை. சாப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, "நான் மனுஷன் இல்லடி" என்று அம்மச்சியிடம் சொன்னார். அவள் மீன் வாங்கப் போன நேரத்தில் சீமைப்பலா மரத்தில் தொங்கிவிட்டார். முதலில் பார்த்தது நான்.

தன் உயிரைத் தானே எடுத்தவனுக்கு அன்றைக்கு என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும். கோவில் மணி கிடையாது. சாமியார் வரமாட்டார். கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரை ஒட்டித் தெம்மாடிக்குழி, போக்கிரிகளுக்கென்று ஒதுக்கிய குழி, அதில் தள்ளி மூடுவார்கள். பிள்ளைகளைக் காலம் முழுதும் தெம்மாடியின் பிள்ளை என்பார்கள். "என் மனுஷனை அந்தக் குழியில போடவிடமாட்டேன்" என்றாள் அம்மச்சி. அவளும் எஸ்தப்பான் மாமாவும் தோண்டினார்கள். நான் விளக்குப் பிடித்தேன். விரலைப் பிரித்துச் சாப்பாவை எடுக்க முடியவில்லை, அப்படியே புதைத்தோம். கப்பலேறிவிட்டார் என்று ஊரில் சொன்னோம். பீரானிக்காவின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுப் போயிருப்பார் என்று எல்லாரும் நம்பினார்கள். பீரானிக்கா இன்றுவரை நம்புகிறார்.

ஒரு ஜெபம்கூட இல்லாமல் கிடந்தார், தம்பி. உன் பொய் வந்த பிறகுதான் அவருக்குப் பூ வந்தது, மெழுகுதிரி வந்தது. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவருக்கு எழுது. திருப்பிக் கேள். நான் லீவு போட்டுவிட்டேன், டிசம்பரில் வருகிறேன்.

உன் சேச்சி,
சிசிலி


ஃபோர்ட் கொச்சி,
30 நவம்பர் 1983

அன்புள்ள சேச்சிக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். அம்மச்சிக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து நடக்கிறாள், என்னைத் திட்டுகிறாள், அதனால் சுகம் என்று வைத்துக்கொள். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேனாவை எடுத்தால் பெட்டியை மூடியது ஞாபகம் வருகிறது.

கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரியும் பூவுமாகப் போயிற்று. அம்மச்சிக்குப் போக இடமில்லை. கையைப் பிடித்துச் சீனவலைப் பக்கம் அழைத்துப் போனேன். பீரானிக்காவும் வந்தார். அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் தன் வளைந்த கையைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்காடா? இதுக்கா? ஒரு வார்த்தை என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே வெத்தலை மடிச்சுக் கொடுத்திருப்பேனேடா பைலி" என்று அப்பனைப் பெயர் சொல்லி அழைத்துக் கடலைப் பார்த்துக் கத்தினார். காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை. அந்தக் கையாலேயே மறைத்துப் பிடித்தார்.

போன வாரம் ஹோக்லாண்ட் பெரியவரின் கடிதம் வந்தது. உடனே திருப்பி அனுப்பச் சொல்லி எழுத உட்கார்ந்தவன், அம்மச்சிக்கு அதை முதலில் படித்துக் காட்டினேன். அவர் ஊர்க் கோவில் முற்றத்தில், வில்லெமின் தாயாருக்குப் பக்கத்தில் புதைத்தார்களாம். ஊர் முழுக்க வந்ததாம். சின்னப் பிள்ளைகள் பாடினார்களாம். அந்தச் செப்புத் துண்டைக் கல்லிலேயே பதித்துவிட்டாராம்.

"மணி அடிச்சாங்களா?" என்றாள் அம்மச்சி.

"அடிச்சாங்களாம். பெட்டி குழியில இறங்கற வரைக்கும்."

"சாமியார்?"

"வந்தாராம், அம்மச்சி. முழு ஜெபமும் சொன்னாராம்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திருப்பிக் கேட்டு எழுதட்டுமா என்றேன். "எங்கே வைக்கக் கேக்கறே? இந்த மண்ணுல எந்தக் குழிடா அவருக்குக் கொடுத்தாங்க? அங்கேயே கிடக்கட்டும். கப்பலேறிப் போனார்னு இத்தனை வருஷம் வாய் கூசாமச் சொன்னேன். போயிட்டாரு" என்றாள்.

கடிதத்தின் கடைசியில் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, சேச்சி. பெரியவர் எழுதியிருக்கிறார்: "உன் தகப்பனாரைப் பற்றி இதுவரை தகவல் இல்லை. ஆனால் விடமாட்டேன். தினமும் போட்டோவை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், அங்கே வருகிற கிழவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். போகும் வழியில்தான் கேப்டனின் கல்லறை. அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறேன்."

நேற்று அவருக்குப் பதில் போட்டேன். அவருடைய கேப்டனை அவரிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை. மூன்றே வரிதான் எழுதினேன்: "ஐயா, இனிமேல் தேட வேண்டாம். அப்பன் போய்ச் சேர்ந்த இடம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் போட்டோவை மட்டும் கேப்டனின் கல்லின் மேல் வைத்துவிடுங்கள்."

சீக்கிரம் வா.

உன் தம்பி,
பைலி மகன் பஸ்தியான்